குண்டுப்பாறைக்கு வந்த சுத்தாத கியர் பாக்ஸ்

சாமி புத்தியைப் பங்கு போட்டுக் கொடுத்த அன்று குண்டுப்பாறைக்காரர்களும் நேரத்துக்குப் போய் வரிசையில்தான் நின்றார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முன்னால் நின்றவர், "நீங்க வாங்கிக்குங்க" என்று பின்னால் நின்றவருக்கு வழிவிட்டார். அவர், "அட, நீங்க முதல்ல" என்று அடுத்தவருக்கு வழிவிட்டார். இப்படி மரியாதை பண்ணிப் பண்ணியே பொழுது சாய்ந்து, சாமியும் கடையைக் கட்டிவிட்டது. எல்லாரும் வெறுங்கையோடு, ஆனால் மனநிறைவோடு வீடு திரும்பினார்கள்.

நல்ல மனுஷர்கள். ஊரை ஒட்டி ஒரு பெரிய கருங்கல் பாறை. அதை ஊரே சேர்ந்து குத்தகைக்கு எடுத்து உடைத்துப் பிழைத்தது. பாறையில் குழி போட ஒரு டிரில் மெஷின் இருந்தது. மூணு சக்கரத்தில் நிற்கும். கையால் தள்ளினால் நகரும். கம்ப்ரஸரிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காற்று வந்து, பாறையைக் குத்தும் நீளமான இரும்பு ராடின் தலையில் தட்டும். மேலே இருக்கும் மோட்டாரும் கியர் பாக்ஸும் சேர்ந்து அந்த ராடைச் சுழற்றும். தட்டித் தட்டி, சுற்றிச் சுற்றி, பாறைக்குள் குழி இறங்கும்.

அந்த கியர் பாக்ஸ் ஒருநாள் காலையில் உள்ளே பல்லெல்லாம் கொட்டி நின்றுபோனது.

"பல்லு இல்லைன்னா கஞ்சி ஊத்திப் பார்க்கலாமா?" என்றார் மேஸ்திரி ஆறுச்சாமி.

ஊற்றிப் பார்த்தார்கள். ஓடவில்லை. கஞ்சியில் உப்பு போதவில்லையோ என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் விளையாட்டில்லை. சுரங்கத்துறை ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வரும்போது மெஷின் குழி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்தகை ரத்து. பாறை வேறு யாருக்கோ போய்விடும். ஊர் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குக் கிளம்ப வேண்டியதுதான். மெஷின் ஓட்டும் வெள்ளியங்கிரிக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி மயிலாத்தாள் மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்கு வைத்து, "தாயே, வெள்ளிக்கிழமை குழி விழணும்" என்று வேண்டிக்கொண்டாள். பாதி வழி வந்தபிறகு எங்கே விழவேண்டும் என்று சொல்லாதது ஞாபகம் வந்து, திரும்ப ஓடிப்போய், "பாறையில தாயே, எங்க வாசல்ல இல்லை" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஊர்த்தலைவர் பொங்கியண்ணன், சேலத்தில் கியர் பாக்ஸ் விற்கும் லூர்துசாமிக்குப் போன் போட்டார்.

"பாறையில குழி போடற மெஷினுக்கு பிளானட்டரி கியர் பாக்ஸ்தானுங்க சரி" என்றார் லூர்துசாமி. "ஆனா பார்த்து எடுக்கணும். பழசு உட்கார்ந்திருந்த இடத்தோட அளவை எடுத்துட்டு நேர்ல வாங்க. வழியில அளவை மறந்துறாதீங்க."

அளவை எடுத்தார்கள். ஆறுச்சாமி இரண்டு கையையும் விரித்து அகலத்தை எடுத்தார். வெள்ளியங்கிரி ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக உயரத்தை எடுத்தான். ஆழம் சிக்கலானது என்பதால் அதைத் தலைவரே எடுத்தார். எடுத்த கையைக் கலைக்காமல் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். கம்பியைப் பிடிக்கக் கை இல்லாததால், ஒவ்வொரு வளைவிலும் அகலம் போய் உயரத்தின் மேல் விழுந்தது. கூடப் போன மயிலாத்தாள்தான் அவர்களுக்கு இட்லி ஊட்டிவிட்டாள்.

"என்னம்மா, மூணு பேருக்கும் கையில அடியா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இல்லீங்க. கியர் பாக்ஸ் உட்கார்ற இடமுங்க. சிந்தாம கொண்டுபோறாங்க. இதுக்கு டிக்கெட் உண்டுங்களா?"

கண்டக்டர் அந்த மூன்று ஜோடிக் கைகளையும் பார்த்தார். "காலி இடத்துக்கு டிக்கெட் இல்லைம்மா."

"திரும்பி வரும்போது பெட்டி உட்கார்ந்திருக்கும். அப்ப எடுத்துக்கறோமுங்க" என்றாள் மயிலாத்தாள். யாரையும் ஏமாற்றுகிற குணம் அவளிடம் கிடையாது.

சேலத்துக் கடையில் லூர்துசாமி எழுந்து நின்று, கைகூப்பி, "வாங்க, வணக்கம்" என்றார்.

பெரிய மனுஷர் கும்பிடும்போது சும்மா நிற்கலாமா? மூவரும் கைகூப்பினார்கள்.

கூப்பிய பிறகுதான் கையைப் பார்த்தார்கள்.

"அகலம் போச்சு" என்றார் ஆறுச்சாமி.

"உயரமும் போச்சுங்க" என்றான் வெள்ளியங்கிரி.

பொங்கியண்ணன் ஒட்டியிருந்த தன் இரண்டு உள்ளங்கையையும் குனிந்து பார்த்தார். "ஆழம் இருக்குது. ஆனா ரொம்ப மெலிஞ்சுபோச்சு."

லூர்துசாமி பொறுமைசாலி. அந்த மெஷினுக்கான அளவு தன்னிடமே இருப்பதாகச் சொல்லி மூவரையும் தேற்றி, மோர் வாங்கிக் கொடுத்தார். பிறகு, "உங்க பாறை எப்படிங்க?" என்று கேட்டார்.

"தங்கமான பாறைங்க" என்றார் பொங்கியண்ணன். "யார் வம்புக்கும் போனதில்லை."

"கெட்டியான்னு கேட்டேன்."

"அதுக்கென்னங்க, நாங்க உடைக்காம அதுவா ஒருநாளும் உடைஞ்சதில்லை."

லூர்துசாமி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். நடுவில் ஒரு பல்சக்கரம். அதை ஒட்டி மூன்று சின்னச் சக்கரங்கள். எல்லாவற்றையும் அணைத்தபடி வெளியே ஒரு பெரிய வளையம். "நடுவுல இருக்கறது வேகமா சுத்தும். இந்த மூணும் அதைச் சுத்தி வரும். மூணும் சுத்திவர்ற வேகம்தான் ராடுக்குப் போகும், அது மெதுவாத்தான் இருக்கும்."

"வெளிய இருக்கற வளையம்?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"அது அசையாதும்மா. அது உறுதியா நின்னாத்தான் மத்த வேலையெல்லாம் நடக்கும்."

"எங்க வீட்டுல அது நான்தானுங்க" என்றாள் மயிலாத்தாள். வெள்ளியங்கிரி மறுக்கவில்லை.

லூர்துசாமி மேஜைமேல் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். "முக்கியமான விஷயம் இதுதான், நல்லா மனசுல வாங்கிக்குங்க. வேகம் குறையக் குறைய பலம் கூடும். இது வேகமா சுத்தும், பலம் கம்மி. இது அதுல பாதி வேகம், பலம் ரெண்டு மடங்கு. இந்தக் கடைசிப் பெட்டி இன்னும் மெதுவு, பலம் இன்னும் ஜாஸ்தி. உங்க பாறைக்கு இந்தக் கடைசிப் பெட்டி சரியா இருக்கும். கலந்து பேசிட்டு வாங்க."

நால்வரும் வாசல் பக்கம் போய்க் கலந்து பேசினார்கள்.

"வேகம் குறைஞ்சா பலம் கூடும்" என்றார் பொங்கியண்ணன். "அவரே வாயால சொன்னாரு."

"அப்ப இன்னும் குறைஞ்சா இன்னும் கூடும்" என்றார் ஆறுச்சாமி.

"குறைச்சுக்கிட்டே போனா எங்கீங்க போய் நிக்கும்?" என்று கேட்டான் வெள்ளியங்கிரி.

"எங்கயோ போய் நிக்கும்."

"நிக்கறதுதானுங்களே எல்லாத்துலயும் மெதுவு?"

குண்டுப்பாறையில் யாரும் இவ்வளவு தூரம் யோசித்ததில்லை. வெள்ளியங்கிரிக்கே லேசாகத் தலை சுற்றியது. அவன் பக்கத்தில் கிடந்த ஒரு துருப்பிடித்த கியர் பாக்ஸைப் பிடித்துக்கொண்டான். காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்த பெட்டி அது.

"ஐயா, இந்தப் பெட்டி எவ்வளவு வேகமுங்க?" என்று குரல் கொடுத்தார் பொங்கியண்ணன்.

"அதுங்களா? உள்ள மொத்தமா இறுகிப்போச்சு. சுத்தாதுங்க."

"துளிகூடவா?"

"யானையைக் கட்டி இழுத்தாலும் சுத்தாதுங்க."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யானையே தோற்றுப்போன பெட்டி. இதைப் போய்க் கதவோரத்தில் போட்டு வைத்திருக்கிறாரே, பாவம், வியாபாரம் தெரியாத மனுஷர் என்று மயிலாத்தாளுக்கு இரக்கமாக இருந்தது.

"இதையே எடுத்துக்கறோமுங்க" என்றார் தலைவர்.

லூர்துசாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புதுப் பெட்டியைக் கையால் சுற்றிக் காட்டினார். அது சுற்றச் சுற்ற, அவர்களுக்கு அதன் மேல் மதிப்பு குறைந்துகொண்டே போனது. "என்னங்க இது, தொட்டதுக்கெல்லாம் சுத்துது" என்று முகம் சுளித்தார் ஆறுச்சாமி. கடைசியில் லூர்துசாமி கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, "கர்த்தர் உங்களைக் காப்பாத்தட்டும்" என்று மனசார வழியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை மாட்டி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, மெஷினை ஓட்டினார்கள். காற்று வந்தது. ராடின் தலையில் டொக்கு டொக்கென்று தட்டியது. ராடு சுற்றவில்லை.

"பார்த்தீங்களா பலத்தை?" என்றார் ஆறுச்சாமி. "இவ்வளவு பெரிய மோட்டாரு முக்குது. அசைஞ்சுகூடக் குடுக்கலை."

ஊரே பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளியங்கிரி மட்டும் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினான். "மாமா, பலமெல்லாம் சரிங்க. ராடை யாருங்க சுத்தறது? இன்னும் கொஞ்ச நேரத்துல ஆய்வாளர் வந்துருவாருங்களே."

பொங்கியண்ணன் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். மயிலாத்தாள்தான் சொன்னாள்: "இத்தனை பலசாலியைப் போய்ச் சுத்துன்னு வேலை ஏவறது மரியாதையாங்க? அது நிக்கட்டும். நாம சுத்துவோம்."

பெட்டி இறுகியிருந்ததால் ராடும் மெஷினும் ஒரே உடம்பாக இருந்தன. ராடை நடுவில் வைத்து, தேர் தள்ளுவதுபோல ஊரே மெஷினைப் பிடித்துச் சுற்றித் தள்ளியது. மெஷின் சுற்ற, ராடும் சுற்றியது. முதல் சுற்றிலேயே ரப்பர் குழாய் எல்லாரையும் மெஷினோடு சேர்த்து ஒரு கட்டுக் கட்டியது. அவிழ்த்துக்கொண்டு, பாதிப் பேர் கம்ப்ரஸரை இழுத்தபடி வெளிவட்டத்தில் ஓடினார்கள். அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பொடி பறந்தது. நாய்களும் சேர்ந்து ஓடின. இரண்டு கிழவர்கள் தலைசுற்றி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகும் ஊர் அவர்களைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆய்வாளர் தில்லைநாயகம் ஜீப்பிலிருந்து இறங்கி, ஊர் சுற்றி ஓடுவதைப் பார்த்தார்.

"மெஷின் ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க" என்று கத்திக்கொண்டே அவரைக் கடந்து போனார் பொங்கியண்ணன். அடுத்த சுற்றில் வந்து, "நாங்களும் கூட ஓடறோமுங்க" என்று முடித்தார்.

"நிறுத்த வேண்டாம். ஓடும்போதே நான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, ஆய்வாளர் மெஷின்மேல் ஏறினார். அதிகாரி சொன்னால் சொன்னதுதான். அவர் "போதும், போதும்" என்று சொன்னதைக்கூட, அவர் முதலில் சொன்னதற்கு மரியாதை கொடுத்து, யாரும் காதில் வாங்கவில்லை. கம்ப்ரஸரில் எண்ணெய் தீர்ந்து அதுவாக நின்றபோதுதான் மற்றவர்களும் நின்றார்கள்.

ஆய்வாளர் இறங்கி, ஜீப்பை நோக்கி நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டு முறை மெஷினைச் சுற்றிவந்தார். வெள்ளியங்கிரி அவர் வாயையே பார்த்தான். மயிலாத்தாள் கண்ணை மூடி, மாரியம்மனை மறுபடியும் கூப்பிட்டாள்.

தில்லைநாயகம் குழிக்குள் டேப்பை விட்டு அளந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குழி விழுதான்னு பார்க்கத்தான் என்னை அனுப்பினாங்க. விழுது. யார் எப்படிச் சுத்தறாங்கன்னு யாரும் கேட்கச் சொல்லலை. குத்தகை உங்களுக்கே" என்றார்.

வெள்ளியங்கிரி அழுதேவிட்டான். மயிலாத்தாள் அவனுக்கு மோர் கொடுத்து, "ராத்திரி ஒழுங்கா சாப்பிடு" என்றாள்.

ஜீப்பில் ஏறும்போது ஆய்வாளர் திரும்பி, "இன்னைக்கு வேலை முடிஞ்சா அந்தக் குழியை மூடிருங்க. ஆடு மாடு கால் விட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பிரச்சினை வந்துவிட்டது. எல்லாரும் குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"முன்பக்கமா சுத்தினோம், குழி விழுந்துது" என்றார் ஆறுச்சாமி. "பின்பக்கமா சுத்தினா மூடிக்கும்."

இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கம்ப்ரஸருக்கு எண்ணெய் ஊற்றி, மெஷினை மறுபக்கமாகத் தள்ளிச் சுற்றினார்கள். டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டு, ராடு கடைசி வரைக்கும் இறங்கி நின்றது. ராடை மேலே தூக்கிவிட்டு, பொங்கியண்ணன் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கல்லைப் போட்டார். மறுபக்கம் சுற்றுவதற்கு முன்னால் ஒரு கல் போட்டபோது உடனே சத்தம் கேட்டது. இப்போது கொஞ்சம் தாமதித்துக் கேட்டது.

"என்னங்க, மூடுதுங்களா?" என்று கேட்டான் வெள்ளியங்கிரி.

"மூடுது" என்றார் பொங்கியண்ணன், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே. "அடியில இருந்து மூடிட்டு வருது. அதனாலதான் நமக்குத் தெரியலை. மேல வரும்போது வேகமா வரும், எல்லாரும் தள்ளி நில்லுங்க."

ஊரே தள்ளி நின்றது. மயிலாத்தாள் மட்டும், அடியிலிருந்து ஏறி வருகிற பாறைக்கு மெஷினில் தலை இடித்துவிடக் கூடாதே என்று, மெஷினை ஓரமாகத் தள்ளி வழிவிட்டுவிட்டு வந்து நின்றாள்.