மோருல கரைஞ்ச தாய்மாமன்

சித்தம்பட்டியில மூணு அண்ணன் தம்பிங்க இருந்தாங்க. தில்லைமுத்து, சொக்கன், எழிலன். மூணு பேரு மூளையையும் ஒண்ணாச் சேத்து ஊத்தினாலும் ஒரு டம்ளர் ரொம்பாது. தில்லைமுத்து மூத்தவன்ங்கறதால யோசிக்கிற வேலை அவன் தலையில விழுந்துச்சு. பாவம் அந்தத் தலை.

தங்கச்சி வேம்புக்குக் கல்யாணம். பத்திரிகைய வீட்டு பிரிண்டர்லயே அடிச்சிடலாம்னு முடிவு பண்ணாங்க. தில்லைமுத்துக்கு இருந்த ஒரே பயம் தாய்மாமன் வீரபாகுதான். பத்திரிகையில அவரு பேரு எடுப்பாத் தெரியலன்னா மனுசன் வரமாட்டாரு. தாய்மாமன் வராம அந்த வீட்டுல தாலி ஏறாது. வீரபாகு கதையே தனிக்கதை. ஒரு காதுகுத்துப் பந்தியில உடைஞ்ச அப்பளம் வெச்சாங்கன்னு எழுந்து போனவரு, காது குத்துன புள்ளைக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் அந்தத் தெருவுலயே நடக்கல. அப்பளத்த உடைச்சது அவரு முழங்கைதான். அத விடுங்க, நம்ம கதைக்கு வருவோம்.

மை வாங்கப் போனாங்க. கடைக்காரர் பொறுமைசாலி, ரெண்டு பாட்டிலை எடுத்து வெச்சாரு.

"இது டை மை. கலர் பளிச்சுன்னு இருக்கும். ஆனா தண்ணி பட்டாக் கரைஞ்சிடும். இது பிக்மென்ட் மை. கொஞ்சம் மங்கல்தான், ஆனா காஞ்சுட்டா தண்ணிக்கு அசையாது. எதை ஊத்தினாலும் சரி, ரெண்டையும் கலந்துடாதீங்க. மெஷின் அடைச்சுக்கும்."

மூணு பேரும் ஓரமாப் போயி ஆலோசிச்சாங்க.

"பத்திரிகை குளிக்குமாண்ணே?"ன்னான் சொக்கன்.

"மாப்பிள்ளை குளிப்பாரு. பத்திரிகை எதுக்குடா குளிக்கணும்?"ன்னான் எழிலன்.

"அப்ப டை மைதான்"னு தில்லைமுத்து தீர்ப்பு சொன்னான். இருந்தாலும் பெரிய புத்திசாலி பாருங்க, ஆபத்துக்கு உதவும்னு கருப்பு பிக்மென்ட்லயும் ஒரு பெரிய பாட்டில் வாங்கிக்கிட்டான்.

கலக்கக் கூடாதுன்னாரே! ஒரு பாட்டில் அடுப்படியில, இன்னொண்ணு மாட்டுக்கொட்டாய்ல. ஒண்ணத் தொட்டவன் இன்னொண்ணத் தொட்டவன்கூடப் பேச்சுவார்த்தையே வெச்சுக்கல.

பத்திரிகை சும்மா சொல்லக் கூடாது, ஜொலிச்சுது. வீரபாகு பேரு செக்கச்செவேல்னு இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் போயிருந்துச்சு. நாலு மூலைக்கும் மஞ்சள் தடவ வேண்டியதுதான் பாக்கி. எழிலன் கிண்ணத்துல தண்ணிய ஊத்தினான். தில்லைமுத்து பாஞ்சு வந்து புடுங்கினான்.

"கடைக்காரர் என்னடா சொன்னாரு? தண்ணி ஆகாது!"

"பின்ன மஞ்சள எதுலண்ணே கரைக்கிறது?"

"மோருல கரைடா. மோரைப் பத்தி அவரு ஒரு வார்த்தை சொன்னாரா?"

சொல்லலதான். மோருல கரைச்சுக் கட்டுக்கட்டாத் தடவினாங்க. தில்லைமுத்து கண்ணெதிர்லயே தாய்மாமன் பேரு செகப்பு ஆறா ஓடி, மாப்பிள்ளை பேரையும் இழுத்துக்கிட்டுக் கீழ எறங்கிடுச்சு.

"மோரும் ஆகாதுன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன அந்தாளுக்கு!"ன்னு மூணு பேரும் கடைக்காரரைத் திட்டினாங்க. அப்புறம் தில்லைமுத்து மூளை பளிச்சுன்னு எரிஞ்சுது. பிக்மென்ட்தான் எதுக்கும் அசையாதாமே! பாட்டிலைத் தாம்பாளத்துல கவுத்தான். பத்திரிகை அத்தனையையும் முக்கி முக்கி எடுத்துக் காய வெச்சான்.

"இனிமே ஒரு எழுத்து அழியுதான்னு பாப்போம்!"

அழியல. அழியறதுக்கு ஒண்ணும் இருக்கணுமே!

"இது கல்யாணப் பத்திரிகையா, தோசைக்கல்லா?"ன்னு வேம்பு தலையில அடிச்சுக்கிட்டா. அவ பேச்ச யாரு கேட்டா? தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட மூணும் மாமா வீட்டு வாசல்ல போயி நின்னுச்சு.

வீரபாகு பத்திரிகையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "என் பேரு எங்கடா?"

தில்லைமுத்து முந்திக்கிட்டான். "உள்ள பத்திரமா இருக்கு மாமா. வேணும்னா தண்ணி ஊத்திப் பாருங்க."

மாமா ஒரு செம்புத் தண்ணிய ஊத்தினாரு. ஒண்ணும் அசையல. மீசையத் தடவிக்கிட்டாரு. "உங்க சித்தப்பன் பேரு என் பேருக்கு மேல இருக்கா?"

"சத்தியமா எவன் பேரும் தெரியல மாமா!"

"அப்ப சரி, வர்றேன்."

தில்லைமுத்து கும்பிடு போட்டுக் கெளம்பப் பாத்தான். அதுக்குள்ள மாமா மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு உத்துப் பாத்தவரு, திடீர்னு உறுமினாரு. "என் பேருக்கு முன்னாடி 'திரு' எங்கடா?"

சொக்கன் சட்டுனு கருப்புப் பேனாவ எடுத்தான். "எடத்தக் காட்டுங்க மாமா."

மாமா அந்தக் கருப்புல ஒரு எடத்துல வெரலை வெச்சாரு. சொக்கன் நாக்கைத் துருத்திக்கிட்டு குண்டு குண்டா எழுதினான். மாமா பத்திரிகைய எட்டப் புடிச்சுப் பாத்தாரு, கிட்டப் புடிச்சுப் பாத்தாரு.

"ஆங்! இப்பத்தான்டா எடுப்பாத் தெரியுது."