ஐந்து நட்சத்திர விக்கல்

ராஜா காலத்தில் ஏது செல்போன் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். செம்பாறைக் கோட்டையில் ராஜாவும் இருந்தார், செல்போனும் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. அதுவும் சுண்ணாம்புமேட்டுக்காரர்களுக்கு மட்டும்.

ராஜா விசயமாறன் கெட்டவர் இல்லை. யாராவது புகழ்ந்தால் கிறங்கிப் போகிற ஆசாமி, அவ்வளவுதான். அதைத் தெரிந்துவைத்திருந்த மந்திரி அகோரமூர்த்தி, 'மன்னன் செவி' என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தார். மக்கள் குறையை அதில் போட வேண்டும், மந்திரியின் ஆட்கள் தீர்க்க வேண்டும். தீர்க்கத்தான் தீர்த்தார்கள். எப்படி? மாடியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே, 'தீர்ந்தது' என்ற பொத்தானை அமுக்கினார்கள். உடனே குறை சொன்னவன் போனில் ஐந்து நட்சத்திரம் வந்து நிற்கும். ஐந்தையும் தொட்டால்தான் திரை விலகும். நாலைத் தொட்டால் போன் அப்படியே உறைந்துவிடும், பெண்டாட்டியோடுகூடப் பேச முடியாது. அப்புறம் என்ன, நாடு முழுக்க ஐந்து நட்சத்திரம்தான்!

"மகாராஜா, பன்னிரண்டாயிரம் குறைகள் வந்தன. பன்னிரண்டாயிரமும் தீர்ந்தன. இனி வெள்ளிக்கிழமை வாசல் எதற்கு?" என்று சபையில் குழைந்தார் மந்திரி.

வெள்ளிக்கிழமை வாசல் அந்த நாட்டு வழக்கம். அன்று ஒரு நாள் அரண்மனைக் கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ராஜாவின் முகத்துக்கு நேராகக் குறையைச் சொல்லலாம். மந்திரிக்கு அதுதான் தொண்டையில் சிக்கிய முள். மூடிவிடத் துடித்தார்.

அரசவை விகடகவி தாண்டவராயனுக்கு வயிறு எரிந்தது. அன்று காலைதான் சுண்ணாம்புமேட்டு உலகம்மை அவனிடம் போனை நீட்டி அழுதிருந்தாள். அடிகுழாய் உடைந்து நாற்பது நாள். ஆற்றுக்குப் போய்வர நாலு மைல். பதினோரு தடவை செயலியில் போட்டாள். படம் வேண்டும் என்றார்களே என்று காலிக் குடத்தைப் படம் பிடித்தும் போட்டாள். 'குடம் நல்ல நிலையில் உள்ளது. குறை தீர்ந்தது' என்று பதில் வந்தது. அட பாவிகளா!

"வெள்ளிக்கிழமை வந்து ராஜாகிட்டயே சொல்லிடறேன் சாமி. எங்களுக்கு அந்த ஒரு வாசல்தான் இருக்கு" என்றாள் அவள். அந்த வாசலுக்குத்தான் இப்போது பூட்டு.

"மகாராஜா, இந்த நாட்டில் தீராத குறை கிடக்கிறது" என்று எழுந்தான் தாண்டவராயன்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? நாளை உச்சிப்பொழுதுக்குள் ஒன்றே ஒன்றைக் காட்டு. காட்டாவிட்டால் வாசலும் மூடும், நீயும் நாட்டை விட்டு நடையைக் கட்டு!"

மந்திரி சிரித்துக்கொண்டே ஒரு ஆணை ஓலையை நீட்டினார். ராஜா படிக்காமலே முத்திரை வைத்தார். 'நாளை முதல் எவரும் எக்குறையையும் வாயால் சொல்லலாகாது. செயலியில் மட்டுமே போட வேண்டும். வாயால் சொன்னதைக் கேட்டுச் செய்பவர்க்குப் பத்துக் கசையடி.'

தாண்டவராயன் அந்த ஓலையை வாங்கிக்கொண்டு நேராக மடைப்பள்ளிக்குப் போனான். சமையல்காரர்களையும் பரிமாறுகிறவர்களையும் நிற்கவைத்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினான். "நாளைக்குக் காரக்குழம்பு வையுங்கள். மிளகாய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான்.

மறுநாள், உச்சிப்பொழுதுக்குச் சற்று முன். மந்திரியும் சபையாரும் சுற்றி நிற்க, ராஜா முதல் கவளத்தை விழுங்கினார். கண் பிதுங்கியது. விக்கல் பிடித்துக்கொண்டது.

"தண்ணி! விக்... தண்ணி எங்கே?"

தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்றவன் அதை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். "மகாராஜா, அது குறை மாதிரி இருக்குதுங்களே. வாயால சொன்னதைக் கேட்டுச் செஞ்சா எனக்குப் பத்துக் கசையடி."

தாண்டவராயன் பணிவாகப் போனை நீட்டினான். "செயலியில் போடுங்கள் மகாராஜா."

விக்கிக்கொண்டே போட்டார் ராஜா. 'விக்கலின் படத்தை இணைக்கவும்' என்றது செயலி. வாயை ஆவென்று பிளந்து படம் எடுத்துப் போட்டார். மாடியில் எவனோ பொத்தானை அமுக்கினான். பதில் வந்தது: 'வாய் நல்ல நிலையில் உள்ளது. குறை தீர்ந்தது.'

கீழே ஐந்து நட்சத்திரம். ராஜா கோபத்தில் ஒன்றைக் குத்தினார். போன் உறைந்தது.

"தாண்டவராயா, விக்... தண்ணி!"

"எதற்கு மகாராஜா? அதுதான் தீர்ந்துவிட்டதே!" என்று சொன்னவன் மந்திரி பக்கம் திரும்பினான். "மந்திரியாரே, விக்கல் நின்றுவிட்டது என்கிறது உங்கள் செயலி. மகாராஜா இன்னும் விக்குகிறார். இரண்டில் எது பொய்? சபை கேட்கச் சொல்லுங்கள்."

மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது.

தாண்டவராயன் செம்பைப் பிடுங்கி ராஜாவிடம் கொடுத்தான். "கசையடி எனக்கே இருக்கட்டும். நீங்கள் கேட்ட தீராத குறை இதுதான் மகாராஜா. உங்களுக்கு அரை நாழிகை. சுண்ணாம்புமேட்டுக்கு நாற்பது நாள்."

ராஜா மடமடவென்று குடித்தார். முகம் சிவந்தது. கூச்சமும் கோபமுமாக ஓலையை வாங்கிக் கிழித்தார். தன் முத்திரையைத் தானே கிழிக்கிறோமே என்று நினைத்தாரோ என்னவோ, சிரிப்பும் வந்துவிட்டது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துத் தாண்டவராயனுக்குப் போர்த்தினார்.

"வாசல் திறந்தே இருக்கும். குழாய் சரியாகிற வரைக்கும், மந்திரியாரே, சுண்ணாம்புமேட்டுக்கு ஆற்றுத் தண்ணீரை நீர்தான் சுமக்கிறீர். உம் தலையில்!"

"மகாராஜா! கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

"அதை என்னிடம் வாயால் சொல்லாதீர்" என்றார் ராஜா. "செயலியில் போடும்."

முதல் குடத்திலேயே மந்திரிக்குக் கழுத்து முறிகிற மாதிரி இருந்தது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு, கழுத்தைப் படம் பிடித்துப் போட்டார். மாடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவருடைய ஆட்கள் என்றைக்குப் பெயரைப் பார்த்தார்கள்? அமுக்கினார்கள்.

'கழுத்து நல்ல நிலையில் உள்ளது. குறை தீர்ந்தது.'

பின்னால் குடத்தோடு வந்த உலகம்மை எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சையும் தொட்டுடுங்க சாமி. இல்லாட்டி போன் நகராது."