வளைவுக்கு முன் நின்ற நடைபாதை

செவ்வல்பேட்டை நகராட்சியில் வீட்டு வரியோடு நடைபாதை வரி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டு வசூலில் ஒரே ஒரு சாலைக்குத்தான் மரநிழலோடு நடைபாதை போட முடியும் என்று தெரிந்தது. அந்த ஒன்றுக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள்.

கடைவீதிக்காகப் பாத்திர வியாபாரி தனுஷ்கோடி வந்தார். "வரியில பாதி எங்க வீதி கட்டுனது. எங்களுக்குத்தான் முதல்ல" என்றார்.

ஆசிரியர் காலனிக்காக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானசிகாமணி வந்தார். ஊரே வரியை எதிர்த்துக் கொடி பிடித்தபோது, முதல் ரசீதை வாங்கியது அவர் தெருதான்.

மில் சாலைக்காகப் பேச்சித்தாய் வந்தார். அவர்கள் குடியிருப்பது மில்லுக்குச் சொந்தமான லைன் வீடுகள். அவர்கள் பெயரில் வரி இல்லை. அந்தச் சாலையின் பாலத்து வளைவில்தான் அவர் மகளை லாரி அடித்துப் போட்டது. அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் பெண்கள் சாலையை விட்டுவிட்டு, அரை மணி நேரம் கூடுதலாக வாய்க்கால் கரையைச் சுற்றி நடந்தார்கள்.

"நாங்க ஒண்ணும் கட்டல. செத்தது மட்டும் நாங்க" என்றார்.

நகராட்சித் தலைவி இசக்கியம்மாள் கெட்டவர் அல்லர். யார் மனமும் நோகக் கூடாது என்று வசூலை மூன்றாகப் பங்கிட்டார். மன்றமே கைதட்டியது. பொறியாளர் மட்டும், "அம்மா, மில் சாலையில நடைபாதை வளைவுக்கு முன்னாலேயே நின்னுரும்" என்றார்.

"மிச்சத்தை அடுத்த வருஷம் பாப்போம்."

நடைபாதை வந்தது. ஓரத்தில் புங்கங்கன்றுகள் நட்டார்கள். பெண்கள் வாய்க்கால் கரையை விட்டுச் சாலைக்குத் திரும்பினார்கள். நாற்பதாம் நாள் காலை, நடைபாதை முடிந்த இடத்தில் சாலையில் இறங்கிய சுடலி என்ற பெண்மேல் பேருந்து ஏறியது. இருபத்துமூன்று வயது.

தலைவி மாலையோடு வந்தார். பேச்சித்தாய் வழிமறித்தார். "நீங்க எங்களுக்கு ஒண்ணுமே தராம இருந்திருந்தா, இவ வாய்க்கால் வழியாவே போயிருப்பா தாயி."

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: மூவருக்கும் சமமாகப் பங்கிட்ட இசக்கியம்மாள் செய்தது சரியா?

விடை: சரியில்லை. அதிகம் கட்டியதாலோ முந்திக் கட்டியதாலோ சாலை ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. உயிர் போகும் இடத்துக்குத்தான் அது முதலில் போய்ச் சேர வேண்டும். சோற்றைப் பங்கிட்டால் ஆளுக்கு அரை வயிறாவது நிறையும். வழியைப் பங்கிட்டால் பாதியில் இறக்கிவிடும். தலைவிக்கு இது புரிந்தபோது காலம் கடந்திருந்தது. மறு ஆண்டு, 'வரி கட்டியும் ஆள் சாகிறது' என்று சொல்லி அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.