துரை விருந்துக்குப் போன வான்கோழிகள்

ஆற்று நடுவில் ஒரு திட்டு. அந்தத் திட்டில் ஒரு வான்கோழி அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தது. சாதாரண அதிகாரமா? அப்பப்பா!

திட்டில் பதினாறு குடிசைகள், ஒரு படகு, கொஞ்சம் ஆடு கோழிகள். மேட்டில் மட்டும் ஒரு பழைய பங்களா. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. துரை கப்பலேறிப் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜனங்கள் பேய்க்குப் பயந்து அந்தப் பக்கமே போவதில்லை. வான்கோழி மட்டும் வாசல்படியின் உச்சியில் இறகைச் சிலுப்பிக்கொண்டு காவல் காக்கும்.

“துரை உத்தரவில்லாமல் குளம்பு, நகம், வால் எதுவும் படியேறக்கூடாது!” இதுதான் அதன் சட்டம். அதற்கும் நகம் இருந்தது. யார் கேட்பது?

கேட்க வாயெடுத்தால் வம்சப் பெருமையை அவிழ்த்துவிடும்.

“நாங்கள் கப்பலில் வந்த வம்சம்! வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்களில் ஒருவரைத் துரை தன் சாப்பாட்டு மேசைக்கே வரவழைப்பார். எங்கள் கொள்ளுத்தாத்தா போனார். அவர் தம்பியும் போனார். உங்களில் ஒருத்தரைக் கூப்பிட்டிருப்பாரா?”

“போனவங்க திரும்பி வந்தாங்களா?” என்று கேட்டது ஒரு வெள்ளாடு. குதர்க்கமெல்லாம் இல்லை. பாவம், தெரியாமல்தான் கேட்டது.

“எப்படி வருவார்கள்? விடத் துரைக்கு மனசு வந்தால்தானே!”

“கொடுத்துவெச்சவங்க!” என்றது ஆடு.

ஐப்பசியில் ஒரு நாள் ஜனங்களெல்லாம் அக்கரைச் சந்தைக்குப் போயிருந்தார்கள். மேலே எங்கேயோ அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு மளமளவென்று ஏறியது. படகு திரும்பி வர வழியில்லை. குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கோழிகள் புளியமரத்தில் ஏறிக்கொண்டன. வெள்ளாடு புளியமரம் ஏறுமா? தன் இரண்டு குட்டிகளையும் முட்டித் தள்ளிக்கொண்டு பங்களாவுக்கு ஓடி வந்தது. போன வருஷத்து வெள்ளத்தில், இதே படிக்குக் கீழே உத்தரவுக்காக நின்றபோதுதான் அதன் தலைச்சன் குட்டியை ஆறு அடித்துக்கொண்டு போனது.

“ஐயா, குட்டிகளையாவது மேலே விடுங்க! தண்ணி முழங்காலுக்கு வந்திடுச்சு!”

“மனு கொடுத்தாயா?”

“யார்கிட்ட கொடுக்கணும்?”

“துரையிடம்.”

“அவர் எங்கே இருக்காரு?”

“சீமையில்.”

“எப்ப வருவாரு?”

“வரும்போது வருவார்! அதைக் கேட்க நீ யார்?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி ஊரிலேயே இல்லை, பூசாரிக்கு மட்டும் இவ்வளவு மிடுக்கு! ஒரே ஒரு முட்டு முட்டினால் வான்கோழி வேலி தாண்டி விழுந்திருக்கும். ஆனால் ஆட்டுக்கு அது தோன்றவில்லை. அதன் அம்மாவும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை, அம்மாவின் அம்மாவும் வைத்ததில்லை. அதனால் இதுவும் கண்ணில் நீர் விட்டுக்கொண்டு நின்றது.

அப்போது பின்கட்டில், பள்ளத்தில் தனியாக இருந்த சமையலறையிலிருந்து ஒரு பெருச்சாளி மிதந்து வந்தது. வளைக்குள் வெள்ளம் வந்துவிட்டதால், அங்கே கிடந்த ஒரு பெரிய எனாமல் தாம்பாளத்தில் ஏறி உட்கார்ந்து, வாலால் துடுப்புப் போட்டபடி வந்தது. படிக்கு வந்ததும் தாவிக் குதித்தது. தாம்பாளத்தையும் இழுத்துப் படிமேல் சாய்த்து வைத்தது.

தாம்பாளத்தின் நடுவில் ஒரு படம் வரைந்திருந்தது. மல்லாந்து படுத்த ஒரு வான்கோழி. உடம்பில் ஒரு இறகு இல்லை. இரண்டு காலும் ஆகாசத்தைப் பார்த்திருந்தன. சுற்றிலும் உருளைக்கிழங்கு.

“ஓய் வான்கோழி! உங்க கொள்ளுத்தாத்தா மேசைக்குப் போனாரே, அவர் உட்கார்ந்த இடம் நாற்காலி இல்லை. இந்தத் தட்டு!” என்றது பெருச்சாளி.

வான்கோழி கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணாலும் பார்த்தது. தொங்குசதை வெளுத்துப் போனது. இனி வழி விட்டுவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

வான்கோழி தொண்டையைச் செருமிக்கொண்டது.

“பார்த்தீர்களா? எத்தனை உருளைக்கிழங்கு! துரை எவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார்!”

பெருச்சாளி தலையில் அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துச் சின்னக் குட்டியின் கால் வழுக்கியது. “அம்மா!” என்ற சத்தம் பாதியிலேயே தண்ணீருக்குள் போய்விட்டது. ஆடு பாய்ந்து காதைக் கவ்வி வெளியே இழுத்தது. குட்டி இருமியது, மூச்சு வாங்கியது. அப்போதுதான் ஆட்டுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு படியில் ஏறியது.

“உத்தரவு! உத்தரவு எங்கே?”

“இந்தா!”

கொடுத்தது ஒரு முட்டு. வான்கோழி கடகடவென்று கத்திக்கொண்டே பறந்து போய் வராந்தாக் கூரையில் விழுந்தது. ஆடும் குட்டிகளும் பெருச்சாளியும் உள்ளே போனார்கள்.

“துரை வரட்டும்! ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லிக் கொடுக்கிறேன்!” என்று மேலிருந்து குரல் வந்தது.

“வரட்டும்யா, தாம்பாளம் தயாரா இருக்கு!” என்றது பெருச்சாளி.

உள்ளே வௌவால் புழுக்கையும் கால் ஒடிந்த ஒரு நாற்காலியும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் தரை காய்ந்திருந்தது. பெரிய குட்டி வாசலை எட்டிப் பார்த்துப் படிகளை எண்ணியது.

“அம்மா, நாலே நாலு படிதான். போன வருஷமும் ஏறியிருக்கலாமே?”

ஆடு விடியும்வரை அழுதது.

துரை போனாலும் துரை பயம் போகாத ஊரில், வான்கோழிகூட அதிகாரம் பண்ணும்.