ஏரிக்கு மேல் இரண்டு சுற்று

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு பெரிய ஏரியை ராஜாளி ஒன்று ஆண்டது. ஆண்டது என்ன ஆண்டது, ஆட்டிப் படைத்தது! நினைத்த கூட்டில் கால் வைக்கும். ஏன் என்று கேட்க நாதி கிடையாது. பொறுத்துப் பார்த்த ஏரிக்காரர்கள் ஒருநாள் எல்லா இனமுமாகச் சேர்ந்து அதைக் கொத்தி விரட்டிவிட்டார்கள். அப்புறம் ஏரி முழுக்கக் கொண்டாட்டம்தான்.

அந்தக் கொண்டாட்டத்தில்தான் ஒரு கோணல் வேலை செய்தார்கள். இன்னொருவன் ராஜா ஆகிவிடுவானோ என்ற பயத்தில் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். அவரவர் மரத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த இனத்து மரத்துக்காக யாரும் சத்தம் கொடுக்கக் கூடாது. இன்றைக்குச் சத்தம் கொடுக்கிறவன் நாளைக்கு அதிகாரம் பண்ணுவான் இல்லையா? கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த வருஷமே உடும்பு வந்தது. கரண்டிவாயன் பறவைகளின் மரத்தில் அது ஏறியபோது பக்கத்து மரத்து நாரைகள் பார்த்தன, கட்டுப்பாட்டை நினைத்தன, சும்மா இருந்தன. இரை தேடப் போயிருந்த பாலாத்தாள் திரும்பி வந்தபோது கூட்டில் கிடந்தது வெறும் முட்டை ஓடு.

பாலாத்தாள் கரண்டிவாயன் இனத்தவள். வெள்ளைச் சிறகு, அகப்பை மாதிரித் தட்டை அலகு. அவள் இனத்தில் மொத்தமே ஐந்தாறு குடும்பம்தான். அடுத்த மழைக்காலம் நெருங்கியது. மறுபடியும் அவள் முட்டையிடும் வேளை. இந்தத் தடவையும் பறிகொடுத்தால் தாங்க மாட்டேன் என்று மரம் மரமாகப் போய்ச் சொன்னாள். எல்லாருமாகச் சேர்ந்து எல்லா மரத்துக்கும் காவல் போடலாம் என்றாள். நல்ல யோசனைதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் எந்த மரத்துக்கு எத்தனை காவல், யாருக்கு எந்தக் கிளை என்று முடிவு செய்வது யார்? அங்கேதான் இடித்தது.

கரையில் கூடினார்கள். நீர்க்காகங்களுக்காகப் பேச வந்த கருமுத்தன், தலையை எண்ணுங்கள் என்றான். ஏரியில் பாதிக்கு மேல் நீர்க்காகம். எண்ணினால் அவர்கள் வைத்ததுதான் சட்டம். நடு ஏரியில் நின்ற நீர்க்கடம்பு மரங்களை ஏற்கெனவே வளைத்துப் போட்டவர்கள் வேறு! இனத்துக்கு ஒரு குரல் என்று வையுங்கள் என்றாள் பாலாத்தாள். நாங்கள் இத்தனை பேர், நீங்கள் கைப்பிடி அளவு, இரண்டும் ஒன்றா என்று அவன் கேட்டான். அதிலும் நியாயம் இருந்தது. அதுதானே சங்கடம்! பேசிப் பேசித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். நாங்கள் வேறு ஏரி பார்த்துக்கொள்கிறோம் என்று பாலாத்தாள் கிளம்பிவிட்டாள். போனால் போகட்டும் என்று அவனும் முறுக்கிக்கொண்டான்.

மேலே எழும்பியவள் கண்ணில் அது பட்டது. நடு ஏரியில் உடும்பு நீந்திக்கொண்டிருந்தது, நேராக நீர்க்காகங்களின் மரத்தைப் பார்த்து. அங்கே கூடு கூடாக முட்டை. பெரியவர்கள் அத்தனை பேரும் கரையில் சண்டையில் இருந்தார்கள். அவளுக்கு ஒரு கெட்ட நினைப்பு வந்தது. நாலு கூடு போகட்டுமே, தலைக்கணக்கு குறையட்டுமே! வந்த வேகத்தில் அந்த நினைப்பு போயும் விட்டது. வெறும் ஓட்டைப் பார்த்து நின்றவள் அல்லவா அவள்?

கரண்டிவாயனுக்குப் பேச வருமே தவிர உரக்கக் கத்த வராது. அதனால் அலகைத் தட்டினாள். படபடவென்று தட்டிக்கொண்டே ஏரியைச் சுற்றி வந்தாள். கட்டுப்பாடாவது மண்ணாவது! நீர்க்காகங்கள் நிமிர்ந்து பார்த்தன. பார்த்ததும் கூட்டமாக எழும்பிப் பாய்ந்தன. அத்தனை அலகும் ஒரே முதுகில் விழுந்தால் உடும்பு என்ன செய்யும்? தண்ணீரில் புரண்டு புரண்டு கரையேறி, புதருக்குள் ஓடியே போனது. ஒரு முட்டைகூட உடையவில்லை.

கருமுத்தன் அவள் முன்னால் வந்து இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ பேசாமப் போயிருக்கலாமே, தாயி."

"போயிருக்கலாம் அண்ணே. பார்த்தது என் ஒருத்தி கண்ணு, விரட்டினது உங்க கூட்டம். ரெண்டுல எது இல்லாட்டியும் முட்டை போயிருக்கும். அதனால ரெண்டையும் வச்சுக்குவோம்."

எப்படி என்று அவளே விளக்கினாள். எதையாவது முடிவு செய்ய வேண்டுமா? சம்மதம் என்கிற எல்லாரும் ஏரிக்கு மேல் ஒரு சுற்று பறப்பது. அதில் தலையை எண்ணுவது. அடுத்த சுற்றில் சம்மதிக்கிற இனத்துக்கு ஒருவர் மட்டும் பறப்பது. அதில் இனத்தை எண்ணுவது. இரண்டு சுற்றிலும் பாதிக்கு மேல் தேறினால்தான் அது முடிவு.

"எதுக்கெடுத்தாலும் இழுத்துக்கிட்டே போகுமே, தாயி?"

"போகட்டும். ராஜாளி இருந்தப்போ எல்லாம் சட்டுசட்டுனுதான் நடந்துச்சு."

கருமுத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லா மரத்துக்கும் பொதுக்காவல், நடு ஏரி மரங்களில் எல்லா இனத்துக்கும் இடம் என்று அன்று மாலையே சுற்றினார்கள். முதல் சுற்றுக்கு முதலில் எழும்பியவனே அவன்தான். இரண்டாவது சுற்றும் தேறி எல்லாரும் இறங்கியபோது பாலாத்தாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஒரு குறையும் உண்டு, மறைப்பானேன்? நாணலுக்குள் ஓடித்திரியும் கானாங்கோழியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உயரப் பறக்காத இனத்தை எந்தச் சுற்றில் எண்ணுவது என்று சாக்குச் சொல்லி விட்டுவிட்டார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் அது இன்றைக்கும் நாணலுக்குள்ளிருந்து விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது.

மழை வந்தது. பாலாத்தாள் நீர்க்காகங்களின் மரத்திலேயே ஒரு கிளையில் கூடு கட்டினாள். சில வாரம் கழித்து ஒருநாள் இரை தேடிவிட்டு அவள் திரும்பி வந்தபோது, கூட்டுக்குப் பக்கத்தில் கருமுத்தன் சிறகை விரித்துக் காவல் நின்றான். உள்ளே குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு பசிக்கு அழுதன. அந்த அழுகையைக் கேட்டு அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

அன்று முதல்தான் ஏரிப் பறவைகள் இனம் பாராமல் ஒரே மரத்தில் கூடு கட்டுகின்றன. எவ்வளவு பசியாக இருந்தாலும், குஞ்சே கூப்பிட்டாலும், ஏரிக்கு மேல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்குகின்றன.