கரண்ட் போகாத வீடு

சுள்ளிப்பாளையத்துக்கு பஸ் உண்டு, ரேஷன் கடை உண்டு. புத்தி மட்டும் எப்போதாவதுதான் அந்தப் பக்கம் வரும். வந்தாலும் மயில்சாமி வீட்டு வாசலில் நிற்காது. அந்த வீட்டில் மயில்சாமி, ஆறுச்சாமி, சென்னியப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவருக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் மனைவி கோகிலவாணி, மெஷின் வைத்துக் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறவள். மூளையுள்ள ஆள் அவள் ஒருத்தி இருந்ததால்தான் மூன்று பேருக்கும் வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது.

மெஷின் பகலில் மாடி சோலாரிலும் ராத்திரி ஊர்க் கரண்டிலும் ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரில் கரண்ட் போகும், எட்டு மணிக்கு வரும். அந்த இரண்டு மணி நேரக் குளிரில் போன மாதம் இருநூறு முட்டை கெட்டுப்போயின. அன்றைக்குக் கோகிலவாணி உட்கார்ந்து அழுதாள், பாவம். இந்த மாதம் மறுபடி இருநூறு வைத்து, தினமும் வெந்நீர் பாட்டிலும் கம்பளியுமாகப் போராடிப் பதினெட்டு நாள் காப்பாற்றிவிட்டாள்.

"இன்னும் மூணு நாள்ல குஞ்சு வந்துரும். என்னால இதுக்கு மேல முடியாது. ஒரு பேட்டரி வாங்கிப் போடுங்க, பகல் கரண்டை சேத்து வெச்சு சாயங்காலம் குடுக்கும்" என்றாள். "இந்தத் தடவையும் முட்டை கெட்டுச்சுன்னா மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களே பொங்கித் தின்னுக்குங்க."

மூன்று பேரும் சட்டையை மாட்டினார்கள். உடனே சோலார் கடைக்கு ஓடினார்கள்.

கடைக்காரர் நல்ல மனுஷன். "எடுத்த எடுப்புல வாங்கிராதீங்க. உங்க மாடியில ஒரு நாளைக்கு எவ்வளவு வெயில் விழுதுன்னு அளந்து பாருங்க. அதுக்கேத்த பேட்டரி தர்றேன். போட்டுட்டீங்கன்னா, கரண்ட் போறதே உங்களுக்குத் தெரியாது" என்றார்.

மறுநாள் காலையிலேயே நெல் அளக்கிற இரும்புப் படியும் ஒரு காலிச் சாக்குமாக மூவரும் மாடி ஏறினார்கள். ஏறியதும் ஒரு சிக்கல்.

"அண்ணா, தலை தட்டி அளக்கறதா, குவிச்சு அளக்கறதா?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"நம்ம வீட்டு வெயில்தானே, குவிச்சே அள."

"குவிச்சா ஓரமெல்லாம் சிந்துமுங்களே" என்றார் சென்னியப்பன்.

அரை மணி நேரம் யோசித்துத் தலை தட்டுவதென்று முடிவானது. ஆறுச்சாமி படியை வெயிலில் வைப்பார், சென்னியப்பன் மூங்கில் பத்தையால் மேலே ஒரு இழுப்பு இழுப்பார், அப்படியே சாக்குக்குள் கவிழ்ப்பார்கள். நெல் அளக்கிற முறைப்படி ஒன்றுக்குப் பதில் லாபம் வைத்து, "லாபம், ரெண்டு, மூணு" என்று மயில்சாமி எண்ணினார். நூற்று நாற்பதில் ஒரு மேகம் வந்து படி காலியாகிவிட்டது. மேகம் போனதும் மறுபடி லாபத்திலிருந்து ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் மூவருக்கும் உள்ளங்கால் வெந்துவிட்டது.

"நாள் முச்சூடும் அளந்தும் சாக்கு கனமே இல்லையேண்ணா" என்றார் சென்னியப்பன்.

"நல்லாக் காஞ்ச சரக்குடா. ஈரம் இருந்தாத்தானே கனம் இருக்கும்?" என்றார் மயில்சாமி.

இருந்தும் பேட்டரி வாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கரண்ட் போவதே தெரியாது என்று கடைக்காரர் சொன்னது அவர்களை அரித்தது. அந்தத் தெருவில் கரண்ட் போனால் எல்லோரும் வாசலுக்கு வந்து, "உங்க வீட்லயும் போச்சுங்களா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்பார்கள். போச்சு என்று பதில் வந்த பிறகுதான் மனசு ஆறும்.

"போனதே தெரியலைன்னா, எப்பன்னு வெளிய வந்து கேக்கறது?" என்றார் ஆறுச்சாமி.

மயில்சாமி தாடையைத் தடவினார். "சாவு விழுந்தா வீடு தேடி வந்து சொல்றாங்க. கரண்ட் போனா சொல்லாமயா இருப்பாங்க?"

இதற்குள் கோகிலவாணி சேலைகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகு விவாதம் சட்டென்று முடிந்தது. இருபத்தோராம் நாள் மத்தியானம் மெஷின் இருந்த அறையிலேயே பேட்டரி வந்து உட்கார்ந்தது.

ஆறு மணிக்குத் தெருவில் கரண்ட் போனது. வீட்டில் லைட்டு எரிந்தது, மெஷினும் ஓடியது. கோகிலவாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வெளியே எட்டிப் பார்த்த சென்னியப்பன் பதறிப்போய் உள்ளே வந்தார்.

"அண்ணா, ஊருக்கே போயிருச்சு. நமக்கு மட்டும் போகலீங்க."

மயில்சாமிக்குத் தெருவில் தலை காட்டவே கூச்சமாக இருந்தது. லைன்மேனுக்குப் போன் போட்டார். "ஏனுங்க, எங்க வீட்ல கரண்ட் போகலீங்க. கொஞ்சம் வந்து என்னன்னு பாருங்க."

"போகலைன்னா நல்லதுதானுங்க?"

"அதெப்படிங்க? எல்லாருக்கும் போறப்ப எங்களுக்கும் போகணுமில்ல? நாங்களும் ஒழுங்கா பில்லுக் கட்டறவங்கதான்."

லைன்மேன் போனை வைத்துவிட்டார். இனி நம்மைத்தான் நம்ப வேண்டும் என்று மூவரும் அறைக்குள் போய்ப் பேட்டரியை அணைத்தார்கள். வீடு இருண்டது. மெஷினும் நின்றது. அதே நேரம் பார்த்து உள்ளே ஒரு முட்டை விரிந்து 'கீச்' என்றது. கோகிலவாணிக்கு வந்ததே ஆத்திரம். மூன்று பேரையும் வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டாள். பேட்டரியைப் போட்டு, கூடத்துக்குப் போகிற சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டாள். மெஷின் மறுபடி ஓடியது.

"அண்ணி, உள்ள கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கதவைத் தட்டினார் ஆறுச்சாமி.

"போயிருச்சு. எங்கயும் இல்ல. சத்தம் போடாம உக்காருங்க."

மூவரும் நிம்மதியாக இருட்டில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். உள்ளே ஒவ்வொன்றாக முட்டை உடைந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கரண்ட் இல்லைன்னு அண்ணி சொன்னாங்க. கதவுக்கு அடியில வெளிச்சம் வருதுங்களே?"

மயில்சாமி குனிந்து பார்த்தார். வெளிச்சம் வந்தது உண்மைதான். அறைக்குள்ளிருந்து 'கீச் கீச்' என்று நூறு குரல் கேட்டது.

"கோழி கூப்புடுதுடா. பொழுது விடிஞ்சிருச்சு" என்றார்.

மூவரும் எழுந்து, பாயை உதறிச் சுருட்டி வைத்துவிட்டு, பல் விளக்கப் போனார்கள். அப்போது சாயங்காலம் மணி ஏழு. வாய் கொப்பளிக்கும்போது மயில்சாமியின் முகம் வாடியது.

"ஏண்டா, ராத்திரி நாம யாருமே சாப்பிடலையே?"

"அதுதானுங்கண்ணா, எந்திரிச்சதுல இருந்து பசிக்குது" என்றார் ஆறுச்சாமி.