தானாக அட்ரஸ் கொடுக்கும் பெட்டி

அரைக்கிணத்துப்பட்டிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள். வெட்கப்பட மாட்டார்கள்; உட்கார வைத்து விளக்குவார்கள். அந்த ஊரிலேயே பொறுக்கியெடுத்த மூன்று பேர் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார்கள். மூவரில் பெரியவர் செயலாளர் பிச்சாண்டி. அவருக்குத் தெரியாத விஷயமும் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

சங்கத்துக்கு ஐந்து கம்ப்யூட்டர்கள் வந்திறங்கின. தினமும் காலை ஒன்பது மணிக்குள் பாலின் கொழுப்பு அளவை அவற்றின் வழியாக மாவட்ட நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் டேங்கர் லாரி வரும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு அட்ரஸ், அதாவது ஒரு எண், கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எழுத்தர் ஆவுடையப்பன் ஐந்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தார். ஒரே ஆபீசில் இருப்பவற்றுக்கு எதற்கு ஐந்து அட்ரஸ் என்பது அவர் வாதம். பிச்சாண்டிக்கு அந்தச் சிக்கனம் ரொம்பப் பிடித்துப்போனது.

ஐந்தும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, ஒன்றுகூட வேலை செய்யவில்லை. லாரி வரவில்லை. எண்ணூறு லிட்டர் பால் வெயிலில் திரிந்தது. சனம் கேனும் கையுமாக வாசலில் கூடி, பிச்சாண்டியின் பரம்பரையை மூன்று தலைமுறைக்கு விசாரித்தது.

அவர் மாவட்ட நிலையத்து இன்ஜினியர் எஸ்தருக்குப் போன் போட்டார். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். ஒரு கம்ப்யூட்டரை மட்டும் சர்வர் ஆக்குங்கள், மற்றவற்றுக்கு அதுவே அட்ரஸ் கொடுக்கும். பத்திலிருந்து ஐம்பது வரை எண் இருக்கட்டும். பத்தாம் எண்ணைப் பிரிண்டருக்கு ரிசர்வ் பண்ணுங்கள். மற்றதெல்லாம் எட்டு மணி நேரக் குத்தகை மாதிரி.

"மிஷினை ஆன் பண்ணினதும், 'எனக்கு யாராவது அட்ரஸ் கொடுங்க'ன்னு அதுவே கூப்பிடும் சார். சர்வர் கேட்டுட்டுக் கொடுத்துடும்."

பிச்சாண்டி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். வினையே அதுதான்.

முதலில் ஒரு கம்ப்யூட்டரைச் சர்வர் ஆக்கினார்கள். 'இன்று முதல் நீர் சர்வராக நியமிக்கப்படுகிறீர்' என்று ஆவுடையப்பன் உத்தரவு அடித்து, அதன் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டினார். பால் பரிசோதகர் குருவம்மாள் அதற்குச் சந்தனம் வைத்தாள். அடுத்தது ரிசர்வேஷன். பஸ்ஸில் எப்படி இடம் பிடிப்போம் என்று யோசித்துப் பார்த்து, பிச்சாண்டி தன் தோள் துண்டைப் பிரிண்டர் மேல் போட்டார். அது துண்டின் ஒரு முனையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றுபோனது. இடம் உறுதியாகிவிட்டது என்று மூவருக்கும் நிம்மதி.

பிறகு மற்ற நான்கு கம்ப்யூட்டர்களையும் ஆன் பண்ணிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். சத்தமே இல்லை.

"கூப்பிடலையே சார்," என்றார் ஆவுடையப்பன்.

"புதுசுதானே. கூச்சமா இருக்கும்," என்றாள் குருவம்மாள்.

பிச்சாண்டி கண்ணை மூடி யோசித்தார். கூச்சப்படுகிறவர்களுக்காகப் பெரியவர்கள்தானே பேச வேண்டும். எழுந்துபோய்ச் சர்வர் முன்னால் கைகட்டி நின்று, "ஐயா, எனக்கு யாராவது அட்ரஸ் கொடுங்க," என்று நான்கு தடவை, நான்கு கம்ப்யூட்டருக்காகவும், தொண்டை கிழியக் கத்தினார். வாசலில் நின்ற சனம் சட்டென்று அமைதியாகிவிட்டது. மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். இருந்தால்தானே கலங்குவதற்கு?

சர்வர் மறுப்புச் சொல்லவில்லை. ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்குக் குத்தகைப் பத்திரம் எழுதினார்கள். மவுஸை மைப்பெட்டியில் அமுக்கி, நான்கு கம்ப்யூட்டர் பெயரிலும் ரேகை வைத்தார்கள்.

இரவு எட்டு அடித்தது. எட்டு மணி நேரம் முடிந்தது. பிச்சாண்டி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வெளியில தூக்கி வைங்க."

"தூறல் போடுது சார். ஒரு நாள் விட்டுப் பிடிக்கலாமே?" என்று ஆவுடையப்பன் இழுத்தார்.

"இன்னைக்கு இரக்கப்பட்டா நாளைக்குப் பாத்தியதை கொண்டாடும்யா. எத்தனை குத்தகைக்காரனைப் பார்த்திருக்கேன்."

நான்கும் முற்றத்துக்குப் போயின. சர்வர் நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் உள்ளேயே இருந்தது. மழை வலுத்து, நான்கில் இரண்டு அங்கேயே உயிரை விட்டன. மறுநாளும் லாரி வரவில்லை. மறுநாளும் பால் திரிந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் எஸ்தரே நேரில் வந்தாள். ஈரக் கம்ப்யூட்டர்களையும், மை பூசிய மவுஸையும், துண்டைக் கவ்விக்கொண்டிருந்த பிரிண்டரையும் பார்த்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்திருக்கலாம். கால் மணி நேரம் உட்கார்ந்து தட்டினாள். பிழைத்திருந்த இரண்டுக்கும் பதினொன்றும் பன்னிரண்டும் தானாகக் கிடைத்தன. கொழுப்பு அளவு பறந்தது. லாரி வந்தது. சனம் பிச்சாண்டியைத் திட்டுவதை நிறுத்திவிட்டுப் பாலை ஊற்றியது.

கிளம்பும்போது அவள் அவரிடம் சொன்னாள்: "இனிமே அட்ரஸ் விஷயத்துல நீங்க யாருமே தலையிடாதீங்க சார். யாருக்குக் கொடுக்கணுமோ சர்வர் கொடுத்துக்கும்."

பிச்சாண்டி தலையை ஆட்டினார். மனதிலும் ஆணி அடித்த மாதிரி ஏற்றிக்கொண்டார்.

மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், பழத்தட்டோடு படியேறி வந்தார். திருப்பத்தூர்க்காரராம். செயலாளர் பிச்சாண்டியின் மகனுக்குத் தன் பெண்ணைக் கொடுப்பதாகப் பேச்சு. பிச்சாண்டி வீட்டு அட்ரஸ் என்ன என்று கேட்டார்.

"பிச்சாண்டி நான்தான்," என்றார் பிச்சாண்டி. "வீடும் எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அட்ரஸ் விஷயத்துல நாங்க தலையிடுறதில்ல. உட்காருங்க, சர்வர் கொடுக்கும்."

அவர் உட்கார்ந்தார். மூன்று மணி ஆனது, நான்கு ஆனது. வாழைப்பழம் கறுத்தது. ஆறு மணிக்கு ஆவுடையப்பன் ஜன்னல்களைச் சாத்தினார். பிச்சாண்டி மட்டும் கிளம்பாமல், பெஞ்சில் விருந்தாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டார் திருப்பத்தூர்க்காரர்.

"எப்படிங்க போறது? எனக்கும் அட்ரஸ் வரணுமில்ல," என்றார் பிச்சாண்டி. "நீங்க முன்னாடி வந்தவர். உங்களுக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கு."